கேமரா மேல் வைத்த பொட்டு

மலேசியாவில் எங்கள் கிள்ளானில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பிளவுஸ் தைக்கிற வீரம்மாவா? அவ வாயில ஒன்னும் நிக்காதே" என்பார்கள். சுங்கை வேயில் இருக்கிற தனலெட்சுமியைக் கேட்டால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லுவாள். அவள் என் பக்கத்துக் கடை ரமணியின் அத்தை. ரமணியின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள் நான்தானாம். நினைத்துக்கொள்ளட்டும் என்று இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இனிமேல் என்னால் ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ரமணிக்கு நாற்பத்து நான்கு வயது. ஷா ஆலமில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் போர்டு பரிசோதித்துக்கொண்டிருந்தவள். அதை மூடியபோது கூட வேலை செய்தவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் கையில் ஸ்குரூ டிரைவர் பெட்டியோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பாதிக் கடைய எனக்கு விடுங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர் போடுறேன்" என்றாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு அடித்தோம். இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர்கள். பதினோரு வருடம் அப்படி. அவள் தும்மினால் இங்கிருந்தே நான் "நூறு" என்பேன். பலகை அவ்வளவு மெல்லிசு.

அவளிடம் வருகிற கூட்டம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே தைத்தால் பொழுது போவது தெரியாது. "டிவி பாக்ஸ்ல சாமிப் பாட்டு போட்டா நடுவுல சூதாட்ட விளம்பரம் வருதும்மா" என்று ஓர் ஆன்டி வருவார். "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல மலிவா வாங்குனீங்கதானே ஆன்டி? அது விளம்பரம் மட்டுமா காட்டும்? உங்க வைபை பாஸ்வேர்ட எவனுக்கோ சொல்லிக்கிட்டு இருக்கும். தூக்கிப் போடுங்க லா" என்பாள் ரமணி. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புகார் வந்தால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பாள். வைபை பெட்டியைச் சாமி மேடைக்குள், பித்தளை விளக்குகளுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். "சிக்னல் எல்லாம் சாமிக்கே போவுது அங்கிள்" என்று சொல்லி எடுத்து வெளியே வைத்துவிட்டு வருவாள். அப்டேட் போடு என்று மெஷின் இரண்டு வருடமாகக் கெஞ்சியும் 'பிறகு' என்று அழுத்திக்கொண்டிருந்தவர்களை அவள் திட்டுகிற திட்டு தெருவுக்கே கேட்கும்.

ஒரு பழக்கம் அவளுக்கு. எதிரில் உட்கார்ந்து யாராவது பாஸ்வேர்ட் அடித்தால், சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "பரவாயில்லம்மா, நீயே எழுதி வச்சுக்க" என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். "உங்க வீட்டுச் சாவி எனக்கு எதுக்கு?" என்பாள். அடித்து முடித்தோம் என்று நாம் சொல்கிற வரைக்கும் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அப்படிப்பட்டவள்.

அவள் வீடு கடையிலிருந்து பத்து நிமிட நடை. அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. அப்பா சின்னையா ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி, நாற்காலியை விட்டு அதிகம் எழ மாட்டார். அண்ணன் குரு பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடிக் கொண்டோவில் இருக்கிறான். பெரிய ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை. தங்கை ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள் என்று சொல்ல அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால் இவளுக்கு அண்ணன் என்றால் உயிர். "எங்கண்ணன் பாக்குற வேலை முன்னாடி நான் பாக்குறதெல்லாம் என்னக்கா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று தீபாவளிக்கு முன்னால் குரு ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்தான். அதில் அப்பாவுக்குப் பழைய படங்கள், பாட்டுகள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ எல்லாம் ஏற்றியிருந்தான். கம்பியை டிவியில் சொருகி, சின்ன ரிமோட்டைக் கிழவர் கையில் கொடுத்தான். மூடினால் தூங்கிவிடும், திறந்தபடியே இருக்கட்டும் என்றான். ஏதாவது கோளாறு வந்தால் அங்கிருந்தே சரி செய்ய ஒரு சாப்ட்வேரும் போட்டு வைத்தான். கேமரா ஓடும்போது பக்கத்தில் எரிகிற குட்டி விளக்கின் மேல் ஒரு கறுப்பு டேப் துண்டை ஒட்டினான். "ராத்திரில அப்பா கண்ணக் குத்தும்" என்றானாம்.

யாருடைய மெஷின் வந்தாலும் முதலில் துடைத்துப் புதிதாகப் போடுகிற ரமணி, அதை மட்டும் தொடவில்லை. "அம்மா வீடியோ இருக்குக்கா அதுல. அண்ணன் பாத்துப் பாத்துப் போட்டது" என்றாள். கிள்ளான் முழுக்க "கேமராவ மூடுங்க, மூடுங்க" என்று கத்துகிறவள், தன் வீட்டுக் கூடத்தில் கேமராவைத் திறந்துவிட்டு விளக்குக்கு டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் சாப்பிட்டாள். அண்ணன் ஒட்டிய டேப் ஆயிற்றே!

போன வருடம் ஆரம்பத்தில் விஜயன் வந்தார். டெங்கிலில் இருக்கிறார், லோரி ஓட்டுகிறார், மனைவி இறந்து ஆறு வருடம். போன் ரிப்பேருக்கு வந்தவர், அடுத்த வாரம் ரிப்பேர் இல்லாமலே வந்தார். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் வீட்டுக்குப் போய்ச் சின்னையாவோடு பழைய படம் பார்க்க ஆரம்பித்தார். தை மாதம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். "தீபாவளிக்கு அண்ணன் வருவான். நேர்ல சொல்லணும்கா. அவன்தான் மணவறையில எனக்குப் பொரி எடுத்துக் குடுக்கணும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கல்யாணம் ஆகப்போகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் தனலெட்சுமி. "லோரிக்காரன் உன் அப்பன் நாற்காலில உக்காந்து வாழைக்காய் பஜ்ஜி தின்னானாமே? நீ அவன் தோள்ல சாஞ்சியாமே? வயசான மனுசன் பக்கத்துலயே தூங்கிக்கிட்டு இருக்க, வெக்கமா இல்ல?" யார் சொன்னது என்று கேட்டால், "தெரிஞ்சவங்க சொன்னாங்க." அதோடு விடவில்லை. டெங்கிலுக்குப் போன் போட்டு விஜயனின் தாயாரையும் அழ வைத்தாள். விஜயன் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். "கொஞ்ச நாள் போவட்டும் ரமணி" என்றாராம். நாற்பத்து நான்கு வயதில் வந்த வாழ்க்கை, பஜ்ஜித் தட்டோடு போய்விடும் போல இருந்தது.

அன்று மத்தியானம் ரமணி என் பக்கம் வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, அவரு பஜ்ஜி சாப்ட்டது அத்தைக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? ஏன் கேக்குற?"

"நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அடிப்பாவி! நான் சொன்னேன்னு நெனக்கிறியா?"

"உங்க வாய் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்கா. என் விசயத்துல சும்மா இருக்கும்னு நெனச்சேன். அதான் என் தப்பு."

நான் பேசுகிறவள்தான். யாருடைய பிளவுஸ் அளவு இரண்டு அங்குலம் ஏறியது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதை? கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பதினோரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பார்த்து, நன்றி கெட்டவள் என்றேன். அவள் தன் பக்கம் போய்விட்டாள். இரண்டு பேரும் அன்றைக்கு மூடிய வாய்தான். மூன்று வாரம் அவள் தும்மினாள், நான் "நூறு" சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பூஜைதான் போடுவோம். தையல் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே தட்டுச் சந்தனம், ஒரே பொரி கடலை. இந்த முறை நான் என் மெஷினுக்குத் தனியாகப் பொட்டு வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக மணியடித்தாள். மணிச் சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை என் போன் அடித்தது. குரு.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? சின்ன உதவிக்கா. எங்க வீட்டுப் பக்கம் போனீங்கன்னா, டிவிக்குக் கீழ இருக்கற லேப்டாப்ல குங்குமம் இருக்கும். ஈரத்துணியால தொடச்சு விட்டுர்றீங்களா? ஸ்கிரீன் கெட்டுப் போயிரும்."

எங்களுக்குள் சண்டை என்றே அவனுக்குத் தெரியவில்லை. சண்டை கடையில் அல்லவா நடந்தது.

"ரமணிகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"அவ பிசி லா. இதுக்கெல்லாம் அவள எதுக்கு?"

"லேப்டாப்ல எந்த இடத்துல தம்பி?"

"மேல, நடுவுலக்கா. கேமரா மேலயே வச்சிருக்கா."

என் கை மெஷின் சக்கரத்தில் அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அப்பாதான் போன்ல சொன்னாரு" என்றான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்னையா நாற்காலியில் இருந்தார். "மாமா, குரு போன் பண்ணானா?" என்று கேட்டேன். "அவனா? அவன் பேசிப் பத்து நாளாச்சு. பெரிய ஆபீசரு, அவனுக்கு ஏதும்மா நேரம்?" என்றார். குனிந்து பார்த்தேன். எல்லா லேப்டாப்புக்கும் மூடியின் மேல் பொட்டு வைப்பாள். இது எப்போதும் திறந்தே இருப்பதால் ஸ்கிரீனுக்கு மேல் விளிம்பில், நட்ட நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தாள். சரியாகக் கேமராவின் கண்ணில். எதிரே இரண்டு பேர் உட்காருகிற சோபா. நான் படிக்காதவள்தான், ஆனால் பதினோரு வருடம் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவள்.

கடைக்குத் திரும்பி அவள் பக்கம் போனேன். அவள் தலை நிமிரவில்லை. "நீ பேச வேணாம், நான் சொல்றத மட்டும் கேளு" என்று சொல்லி, குரு சொன்னதையும் சின்னையா சொன்னதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "அண்ணன இழுக்காதீங்கக்கா" என்றாள். "சரி, இழுக்கல. நீயே போய்ப் பாரு" என்றேன். அவள் கடையை மூடினாள். நானும் கூடவே போனேன், கூப்பிடாமலே.

கூடத்துத் தரையில் உட்கார்ந்து அந்த லேப்டாப்பை இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மடியில் எடுத்து வைத்தாள். எதையும் மாற்றுகிற அதிகாரம் உள்ள அட்மின் கணக்கை அண்ணன் தன் பெயரில்தான் வைத்திருந்தான். அவளுக்கா திறக்கத் தெரியாது? யாரும் அனுமதி கொடுக்காமலே வெளியிலிருந்து உள்ளே வரலாம் என்று வைத்திருந்தான். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற பதிவு ஒன்று உண்டு. அதைத் திறந்தாள். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். சனிக்கிழமை ஆறு மணி. சனிக்கிழமை ஆறே கால். சனிக்கிழமை. சனிக்கிழமை. கடைசி வரி மட்டும் வேறு நாள், பூஜை அன்று.

அப்பா உள்ளே தூங்கப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏன்ணா?"

அவன் முதலில் இல்லை என்றான். பதிவைப் படித்துக் காட்டினாள். "அப்பாவப் பாக்கத்தான் வச்சேன் ரமணி. வயசானவரு, தனியா இருக்காரு" என்றான்.

"அப்பா சனிக்கிழமை மட்டும்தான் வீட்டுல இருப்பாரா?"

அவன் வேறு பேச்சை எடுத்தான். காரணம் எனக்கா தெரியாது? இவள் கல்யாணம் பண்ணிப் போய்விட்டால் கிழவரைக் கொண்டோவில் வைத்துக்கொள்ள வேண்டி வரும். அந்தப் பயம்தான் அவனைச் சனிக்கிழமைதோறும் தங்கையின் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. அதைத் தனலெட்சுமியின் காதில் போட்டால் மீதி வேலையை அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டு ரமணி அழுதாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். மூன்று வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீங்களாவே இருந்திருக்கலாமேக்கா" என்றாள். "நீங்களா இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேனே."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அழுகிற பிள்ளையிடம் என்ன பேச முடியும்? "சரி லா, நான்தான் சொன்னேன்னு வச்சுக்க. அழுவாத" என்று தலையைத் தடவினேன். குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை அடிப்போமே, அதுபோலச் சொன்ன வார்த்தை.

அதை அவள் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் தனலெட்சுமி என் கடைக்கு வந்தாள். கொடுத்திருந்த துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கேட்டாள். "குரு எல்லாத்தையும் சொல்லிட்டான். நீதான் இல்லாததும் பொல்லாததும் கட்டி அவன் காதுல போட்டியாம். எங்க பிள்ள தங்கமானவளாம், அந்த மாப்பிள்ளையும் நல்ல மனுசனாம். டெங்கிலுக்கும் அவனே போய்ப் பேசிட்டு வந்துட்டான். அண்ணன்னா அவன் அண்ணன்!" என்றாள்.

"ரமணி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அவளும் ஆமான்னுதான் சொன்னா."

பலகைக்கு அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது. அவள் எழுந்து வருவாள், வந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அண்ணனை மிரட்டிக் கல்யாணத்தைத் திருப்பி வாங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் எல்லாரிடமும் பேசிச் சரிக்கட்ட வேண்டும், இவள் அவனை வெளியே காட்டிக்கொடுக்க மாட்டாள். விலையாகப் போனது என் பெயர். அன்று மாலை, "உங்களுக்குத்தான் தெரியுமேக்கா, நீங்க பெரிய மனசு பண்ணுங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு" என்றாள். என்ன சொல்ல? கல்யாண பிளவுஸை நான்தான் தைத்துக் கொடுத்தேன். கழுத்தில் கை வேலை, நாலு நாள் உட்கார்ந்து.

தை மாதம் கோயில் மண்டபத்தில் கல்யாணம். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்தே பார்ப்பதற்கு நேரலை போட்டிருந்தார்கள். யார் அந்த வேலை பார்த்தது என்கிறீர்கள்? குருதான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வாசல் மேசைக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்தி, லேப்டாப்பை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். பொரி கொடுக்கிற நேரத்துக்கு மேடைக்குப் போக வேண்டுமே, அதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓட வேண்டுமே என்ற அவசரம் அவனுக்கு. நான் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

குரு என்னிடம் வந்தான். கண்ணைப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க லா. பிரேம்ல வரீங்க."

எழுந்தேன். வாசல் மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டு இருந்தது. குங்குமக் கிண்ணத்தில் கட்டைவிரலை முக்கினேன். நேராகப் போய் அவன் கேமராவின் கண்ணில் அகலமாக ஒரு பொட்டு வைத்தேன்.

"ஐயையோ, இந்தப் பொம்பளைக்கு என்ன வந்துச்சு?" என்று தனலெட்சுமி கத்தினாள். "கல்யாணத்தக் கெடுக்கறதுன்னே வந்திருக்கா!" என்றாள் இன்னொருத்தி. குருவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது.

நான் மேடையைப் பார்த்தேன். ரமணி மணவறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை வேண்டாம், தலையை அசைத்திருந்தால் போதும் எனக்கு. என் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. கடையில் யாராவது பாஸ்வேர்ட் அடிக்கும்போது செய்வாளே, அதே மாதிரி மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.